உயர்ந்த மாடங்களும் உயராத கூலியும்

உலகில் செல்வம் மிகுந்த நாடு எது என்று கேட்டால், பள்ளிச் சிறுவனும் தயங்காமல் அமெரிக்கா என்று விடை கூறுவான். விண்ணை முட்டும் மாடங்களும், கடல்போல் பரந்த கோதுமை வயல்களும், எண்ணற்ற தொழிற்சாலைகளும் அந்நாட்டின் பெயரைக் கேட்டவுடனே நம் கண்முன் தோன்றுகின்றன. ஆனால் அச்செல்வம் அந்நாட்டு மக்களிடையே எவ்வாறு பங்கிடப்படுகிறது என்று கேட்டால், கற்றறிந்தோரும் சற்றே தயங்குவர். ஒரு நாட்டின் செல்வத்தை அளப்பது எளிது; அச்செல்வம் யார் வீட்டு வாசலில் சென்று சேர்கிறது என்பதை அளப்பதுதான் அரிது.

இந்த அரிய பணியைப் பிரெஞ்சு நாட்டுப் பொருளியல் அறிஞர் தாமஸ் பிக்கெட்டியும் அவர்தம் தோழர்களும் மேற்கொண்டனர். பல நாடுகளின் வருமான வரிக் கணக்குகளை ஆண்டாண்டாகப் புரட்டி ஆராய்ந்து, 2018ஆம் ஆண்டுக்கான உலக ஏற்றத்தாழ்வு அறிக்கையை அவர்கள் வெளியிட்டார்கள். அதில் கண்ட கணக்கை நம் இல்லத்தார் அனைவரும் விளங்கிக்கொள்ளும் வகையில் இங்கே கூறுவோம்.

அமெரிக்க மக்களை நூறு பேர் என்றும், அவர்களுடைய ஓராண்டு வருமானம் முழுவதையும் நூறு அப்பங்கள் என்றும் வைத்துக்கொள்வோம். 1980ஆம் ஆண்டில், வரிசையின் தலைப்பில் நின்ற ஒருவர் ஏறத்தாழ 10 அப்பங்களைப் பெற்றார். வரிசையின் பிற்பாதியில் நின்ற 50 பேருக்கும் சேர்த்து 20க்குச் சற்று மேற்பட்ட அப்பங்கள் கிடைத்தன. 2016ஆம் ஆண்டிலோ, அந்த ஒருவர் 20 அப்பங்களை எடுத்துக்கொண்டார். பின்னால் நின்ற 50 பேருக்கும் சேர்த்து 13 அப்பங்களே எஞ்சின. தலைப்பில் நின்றவர் பெற்றது, பிற்பாதியில் நின்ற ஒருவர் பெற்றதைப்போல் முன்பு ஏறத்தாழ 25 மடங்கு. பின்பு 75 மடங்கிற்கும் மேல்.

அப்பங்களே பெரிதாகிவிட்டதால் கடைசியில் நின்றவரும் முன்னிலும் நன்றாகவே உண்டிருப்பார் அல்லவா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 1980க்கும் 2014க்கும் இடையில் விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தால், வரிக்கும் அரசு உதவிகளுக்கும் முந்திய கணக்கில், பிற்பாதி மக்களின் சராசரி வருமானம் ஆண்டுக்கு ஏறத்தாழ 16,000 டாலர் என்ற அளவிலேயே நின்றுவிட்டது என்று அதே ஆராய்ச்சியாளர் கண்டனர். ஒரு தலைமுறைக் காலத்தில் நாடு வளர்ந்தது. பாதி மக்களின் ஊதியப் பை வளரவில்லை.

இது இயற்கையின் நியதியா? மழையும் வெயிலும் போல் மனிதர் கைக்கு அப்பாற்பட்டதா? அல்லது மனிதரே செய்துகொண்ட ஏற்பாடா? இக்கேள்விக்கு விடை காண, அந்நாட்டின் ஒரு நூற்றாண்டு வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

ஐந்து டாலர் கூலி

1914ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள், டெட்ராய்ட் நகரில் மோட்டார் வண்டிகள் செய்துவந்த ஹென்றி போர்டு, ஓர் அறிவிப்பை வெளியிட்டார். அதுவரை 9 மணி நேர வேலைக்கு 2 டாலர் 34 சென்டு பெற்றுவந்த தொழிலாளிக்கு, இனி 8 மணி நேர வேலைக்கு 5 டாலர் வழங்கப்படும் என்பதே அச்செய்தி. நாடெங்கும் வியப்பு! பணம் படைத்தோர் சிலர், போர்டு தொழில் உலகையே கெடுத்துவிட்டார் என்று சினந்தனர். ஆலையின் வாயிலிலோ, கடுங்குளிரையும் பொருட்படுத்தாமல் ஆயிரக்கணக்கானோர் வேலை தேடி வந்து குவிந்தனர்.

போர்டு கூலியை உயர்த்தியது இரக்கத்தால் மட்டும் அன்று. நகர்ந்துகொண்டே இருக்கும் வரிசையில் நின்று, ஒரே திருகாணியை நாளெல்லாம் முறுக்கும் அலுப்பான வேலையைப் பொறுக்கமாட்டாமல், தொழிலாளர் வந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருந்தனர். 14,000 பேரைப் பணியில் நிறுத்திவைக்க, 1913ஆம் ஆண்டில் 52,000 பேருக்கும் மேல் வேலைக்கு எடுக்க வேண்டியதாயிற்று. கூலியை உயர்த்தியபின் ஓடியவர் நின்றனர், உற்பத்தி பெருகியது, 1908இல் 850 டாலருக்கு விற்ற வண்டி, 1920களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே இறங்கியது. வண்டியைச் செய்தவனே வண்டியை வாங்கும் நிலை வந்தது.

இதில் குறைகளும் இல்லாமலில்லை. தொழிலாளியின் வீட்டிற்கே ஆட்களை அனுப்பி, அவன் குடிக்கிறானா, வீட்டைத் தூய்மையாக வைத்திருக்கிறானா என்று ஆராய்ந்த பிறகே முழுத்தொகையும் வழங்கப்பட்டது. பெண்களுக்குத் தொடக்கத்தில் அவ்வுயர்வு இல்லை. தொழிற்சங்கத்தைப் போர்டு நெடுங்காலம் அண்டவிடவில்லை. எனினும் ஓர் உண்மை அன்று வெட்டவெளிச்சமாயிற்று. கூலி என்பது வானத்திலிருந்து விதிக்கப்படும் தொகையன்று. ஒரு மனிதன் காலையில் முடிவு செய்தால் மாலையில் அது இரட்டிப்பாகும். வேறொருவன் முடிவு செய்தால் பாதியும் ஆகும்.

ஒரு குருவானவரின் நூல்

போர்டின் அறிவிப்புக்கு 8 ஆண்டுகள் முன்னதாகவே, 1906இல், அமெரிக்கக் கத்தோலிக்கக் குருவானவர் ஒருவர் கூலியைப் பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார். மின்னசோட்டா மாநிலத்து உழவர் குடும்பத்தில் பிறந்த அவர் பெயர் ஜான் ரையன். வாழ்க்கைக்குப் போதிய கூலி என்பதே அந்நூலின் பொருள்.

அவருக்கு வழிகாட்டியது, திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடல். முதலாளியும் தொழிலாளியும் மனமொப்பிச் செய்துகொண்ட உடன்படிக்கையாயினும், அதற்கும் முந்தியது இயற்கை நீதி. சிக்கனமாக வாழும் ஒரு தொழிலாளி உயிர் வாழ்வதற்குக் கூலி போதாததாய் இருத்தல் ஆகாது என்று அத்திருமடல் போதித்தது. பசியால் வாடும் ஒருவன் வேறு வழியின்றித் தலையசைத்தால், அது மனமொப்பிய சம்மதம் ஆகுமா? அங்கே நிகழ்வது உடன்படிக்கை அன்று, வன்முறை என்பதே திருத்தந்தையின் கருத்து.

அருட்தந்தை ரையன் இப்போதனையை அமெரிக்க வாழ்க்கையோடு பொருத்திக் காட்டினார். ஒரு குடும்பத்திற்கு உணவு, உடை, உறையுள், மருத்துவம், முதுமைக்குச் சேமிப்பு ஆகியவற்றிற்கு எவ்வளவு வேண்டும் என்று தொகையிட்டுக் கணக்கிட்டார். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வேண்டும் என்று மாநில அவைகளின் முன் வாதாடினார்.

வழி எளிதாக இல்லை. தலைநகர் வாஷிங்டனில் பெண்களுக்குக் குறைந்தபட்சக் கூலி வகுத்த சட்டத்தை, ஒப்பந்த உரிமைக்கு மாறானது என்று கூறி 1923இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. 1937ஆம் ஆண்டில்தான், வாஷிங்டன் மாநிலத்து விடுதி ஒன்றில் அறை துப்புரவு செய்த ஒரு பணிப்பெண் தொடுத்த வழக்கில், அதே நீதிமன்றம் தன் கருத்தை மாற்றிக்கொண்டது. அடுத்த ஆண்டே, மணிக்கு 25 சென்டு என்னும் குறைந்தபட்சக் கூலி நாட்டின் சட்டமாயிற்று. ஒரு குருவானவரின் எழுதுகோல் தொடங்கியதை, ஒரு துப்புரவுப் பெண்ணின் மன உறுதி நிறைவேற்ற உதவியது.

சரிவும் சமநிலையும்

இதற்கிடையே நாடு ஒரு பேரிடரைக் கண்டது. 1928ஆம் ஆண்டில், உச்சியில் இருந்த நூற்றில் ஒருவர் நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைப் பெற்றுக்கொண்டிருந்தார். 1929 அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தது. 1933க்குள் உழைக்கும் மக்களில் நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை. வங்கிகள் மூடின, உழவர் நிலம் இழந்தனர்.

அந்த இருளில் பதவியேற்ற குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், தொழில்துறைச் செயலராகப் பிரான்சஸ் பெர்க்கின்ஸ் என்னும் அம்மையாரை நியமித்தார். அந்நாட்டு அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண்மணி அவரே. 1911இல் நியூயார்க் நகரத் தையற்சாலை ஒன்றில் தீப்பற்றி 146 பேர் மாண்ட கொடுமையைக் கண்ணாரக் கண்டவர் அவர். 1935ஆம் ஆண்டில் தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையும், முதியோர்க்கு உதவித்தொகையும் சட்டமாயின.

சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. அதை நாட்டில் நிலைநாட்ட வேண்டும். 1936 டிசம்பர் 30ஆம் நாள் பிளிண்ட் நகரில், ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைத் தொழிலாளர் வேலையை நிறுத்திவிட்டு, ஆலைக்குள்ளேயே அமர்ந்துகொண்டனர். 44 நாட்கள் நீடித்தது அப்போராட்டம். படையை ஏவி அவர்களை வெளியேற்ற வேண்டும் என்று பலரும் வற்புறுத்தினர். மிச்சிகன் மாநில ஆளுநர் பிராங்க் மர்பி, பக்தியுள்ள கத்தோலிக்கர். அமைதி காக்கவே படையை அனுப்பினார். தொழிலாளர்மீது அதை ஏவ மறுத்துவிட்டார். முடிவில் நிறுவனம் சங்கத்தை ஏற்றது. அடுத்த தேர்தலில் மர்பி பதவி இழந்தார். ஆயினும் வரலாறு அவரை மறக்கவில்லை.

1950ஆம் ஆண்டு அதே நிறுவனமும், வால்டர் ராய்தர் தலைமையிலான மோட்டார்த் தொழிலாளர் சங்கமும் ஐந்தாண்டு ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டன. விலைவாசி ஏறினால் கூலியும் ஏறும். உற்பத்தித்திறன் பெருகினால் அதிலும் தொழிலாளிக்குப் பங்கு உண்டு. ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும் உண்டு என்பன அதன் சாரம். மற்றத் தொழில்களும் அவ்வழியைப் பின்பற்றின. 1950களில் ஊதியம் பெறுவோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் தொழிற்சங்க உறுப்பினர். பெருஞ்செல்வர் வருமானத்தின் மேற்படிக்கு வரி 91 விழுக்காடு. 1948க்கும் 1973க்கும் இடையில் உற்பத்தித்திறனும் தொழிலாளியின் ஊதியமும் கைகோத்து நடந்து, இரண்டும் ஏறத்தாழ இரட்டிப்பாயின. அந்த ஆண்டுகளில் முதலாளித்துவம் அழிந்துவிடவில்லை, மாறாகச் செழித்தது.

இக்காலத்தைப் பொற்காலம் என்று முழுமனத்தோடு புகழ்வதற்கும் இல்லை. 1935இன் முதியோர் உதவிச் சட்டம் வயல் வேலை செய்வோரையும் வீட்டு வேலை செய்வோரையும் விலக்கி வைத்தது. கறுப்பின மக்களில் பெரும்பாலோர் அவ்வேலைகளிலேயே இருந்தனர். அவர்கள் வாழ்ந்த பகுதிகளுக்கு வீட்டுக் கடன் மறுக்கப்பட்டது. பந்தி பெரிதாயிற்று, ஆனால் எல்லோருக்கும் இலை போடப்படவில்லை.

அறிஞர் ஒருவரின் நம்பிக்கை

இக்காலத்தில்தான், 1955இல், சைமன் குஸ்நெட்ஸ் என்னும் பொருளியல் அறிஞர் ஒரு கருத்தை வெளியிட்டார். நாடு தொழில்மயமாகும்போது முதலில் ஏற்றத்தாழ்வு பெருகும்; பின்னர்த் தானே குறையும் என்பது அது. தம் கட்டுரையில் நூற்றில் ஐந்து பங்கே சான்று, மீதி ஊகம் என்று அவரே அடக்கத்தோடு கூறியிருந்தார். ஆனால் அவர் சொன்ன எச்சரிக்கையை மறந்து, ஊகத்தை மட்டும் பலர் பிடித்துக்கொண்டனர். நாடு வளரட்டும், பொறுத்திருங்கள், ஏழையின் பங்கு தானே வரும் என்பது மேடைதோறும் வேதமாயிற்று. பின்னர் நடந்தது அதற்கு மாறானது.

திசை திரும்பிய ஆண்டுகள்

1970ஆம் ஆண்டு செப்டம்பரில், மில்ட்டன் பிரீட்மன் என்னும் பெயர்பெற்ற அறிஞர் நியூயார்க் நாளிதழ் ஒன்றின் வார வெளியீட்டில் கட்டுரை ஒன்று வரைந்தார். சட்டத்தின் எல்லைக்குள் நின்று இலாபத்தைப் பெருக்குவதே ஒரு நிறுவனத்தின் சமூகக் கடமை. மற்றவை அதன் வேலையல்ல என்பது அவர் வாதம். 1973இல் எண்ணெய் விலை ஏறி, பண்டங்களின் விலையும் வேலையின்மையும் ஒருசேரப் பெருகியபோது, பழைய ஏற்பாடுகள்மீது மக்களுக்கிருந்த நம்பிக்கை தளர்ந்தது. புதிய கருத்துகளுக்குக் கதவு திறந்தது.

1981 ஆகஸ்ட் 3ஆம் நாள், வானூர்திப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அரசு ஊழியர் ஏறத்தாழ 13,000 பேர் வேலைநிறுத்தம் செய்தனர். சட்டப்படி அவர்களுக்கு அவ்வுரிமை இல்லை என்பது மெய்யே. 48 மணி நேரத் தவணை கொடுத்த குடியரசுத் தலைவர் ரொனால்டு ரீகன், திரும்பாத 11,000க்கும் மேற்பட்டவரை ஒரே ஆணையில் நீக்கினார். முந்திய ஆண்டுத் தேர்தலில் அதே சங்கம் அவருக்கு ஆதரவு தெரிவித்திருந்தது என்பது எண்ணத்தக்கது. அரசே இவ்வாறு செய்யும்போது நாம் ஏன் தயங்க வேண்டும் என்று தனியார் நிறுவனங்களும் துணிந்தன.

அதே ஆண்டில் உச்ச வரி விகிதம் 70 விழுக்காட்டிலிருந்து 50 ஆகக் குறைக்கப்பட்டது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது 28 ஆயிற்று. 1982இல் வந்த ஒரு விதி, நிறுவனங்கள் தம் சொந்தப் பங்குகளைத் தாமே சந்தையில் வாங்கிக்கொள்ள வழி திறந்தது. இதனால் என்ன நேர்ந்தது என்று வாசகர் கேட்கலாம். பங்குகளின் எண்ணிக்கை குறைந்தால் எஞ்சிய பங்கின் விலை ஏறும். மேலாளர்களின் ஊதியத்தில் பெரும்பகுதி பங்குகளாக வழங்கப்பட்டதால், விலை ஏற ஏற அவர்கள் வருவாயும் ஏறியது. ஆலையைப் புதுப்பிக்கவோ கூலியை உயர்த்தவோ பயன்பட்டிருக்கக்கூடிய பணம் இவ்வழியே சென்றது. 2018ஆம் ஆண்டில் மட்டும், அந்நாட்டின் 500 பெரு நிறுவனங்கள் தம் பங்குகளைத் தாமே வாங்கச் செலவிட்ட தொகை 80,000 கோடி டாலருக்கும் மேல்.

விளைவுகளைச் சில எண்களில் காண்போம். பெரு நிறுவனத் தலைவரின் ஊதியம், 1965இல் சாதாரணத் தொழிலாளியின் ஊதியத்தைப்போல் ஏறத்தாழ 20 மடங்கு. 2020க்குப் பிந்திய ஆண்டுகளில் 250 மடங்கிற்கும் மேல். தொழிற்சங்க உறுப்பினர், 1983இல் ஐவரில் ஒருவர். 2024இல் பதின்மரில் ஒருவருக்கும் சற்றுக் குறைவு. 1979க்கும் 2020க்கும் இடையில் உற்பத்தித்திறன் ஏறத்தாழ 60 விழுக்காடு உயர்ந்தது. சாதாரணத் தொழிலாளியின் மணிக்கூலி உயர்வோ 20 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. கைகோத்து நடந்த இருவரில் ஒருவர் முன்னே ஓடிவிட, மற்றவர் வழியிலேயே நின்றுவிட்டார்.

குறைந்தபட்சக் கூலியின் கதை இன்னும் வருத்தத்திற்குரியது. 2009 ஜூலையில் மணிக்கு 7 டாலர் 25 சென்டு என்று நடுவண் அரசு வகுத்த தொகை, அதன்பின் 15 ஆண்டுகளுக்கு மேலாகியும் உயர்த்தப்படவில்லை. வாரம் 40 மணி வீதம் ஆண்டு முழுவதும் ஒரு நாளும் ஓயாமல் உழைத்தாலும் கிடைப்பது 15,080 டாலர். 1968இல் இருந்த 1 டாலர் 60 சென்டு கூலியின் வாங்கும் திறன், இதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. பல மாநிலங்கள் தாமே முன்வந்து உயர்ந்த கூலியை வகுத்துள்ளன என்பதையும் கூறத்தான் வேண்டும்.

இயந்திரத்தின் மேல் பழியா?

இவையெல்லாம் கணிப்பொறியாலும் அயல்நாட்டு வாணிபத்தாலும் வந்த வினை. யாரையும் குறை கூறுவதற்கில்லை என்பாரும் உளர். அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. 1979இல் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் 1 கோடியே 90 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பணியாற்றினர். 2010இல் எஞ்சியவர் 1 கோடியே 15 இலட்சம் அளவினரே. இயந்திரங்கள் பெருகியதும், 2001இல் சீனா உலக வாணிப அமைப்பில் சேர்ந்ததும் இதற்கு முக்கியக் காரணங்கள். அதே வாணிபத்தால் சீனத்தில் கோடிக்கணக்கான ஏழைகள் வறுமையிலிருந்து மீண்டனர் என்பதையும் மறைத்தல் நேர்மையன்று.

ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. கணிப்பொறி பிரான்சு நாட்டுக்கும் வந்தது. சீனத்துப் பண்டங்கள் சுவீடனிலும் விற்றன. அங்கும் இவ்வாறே நேர்ந்ததா? முன்னர்க் கூறிய அதே அறிக்கையின்படி, மேற்கு ஐரோப்பாவில் உச்சியில் உள்ள ஒருவரின் பங்கு 1980இல் 10 விழுக்காடு. 2016இல் 12 விழுக்காடு. அங்கே பிற்பாதி மக்களின் பங்கு 24லிருந்து 22 ஆக மட்டுமே இறங்கியது. காற்று ஒன்றே, ஒரு வீட்டின் கூரை பறந்தது, மற்றொன்றின் கூரை நின்றது. அப்படியானால் குற்றம் காற்றின்மேல் மட்டும் இல்லை. கூரையைக் கட்டிய விதத்திலும் உண்டு. வரி, கல்வி, மருத்துவம், தொழிற்சங்கம், கூலிச் சட்டம் என்பவையே அக்கூரையின் மரங்கள்.

இக்கணக்குகளை மறுக்கும் அறிஞரும் உளர். வரிகளையும், அரசு தரும் உதவிகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஏற்றத்தாழ்வு இவ்வளவு பெருகவில்லை என்பது அவர்கள் வாதம். அதையும் கேட்டுக்கொள்வோம். ஆயினும், உழைப்பின் ஊதியத்தால் நிமிர்ந்து வாழ வேண்டியவனை உதவித்தொகையால் தாங்கி நிறுத்த வேண்டியிருக்கிறது என்பதே அவ்வாதத்தின் உட்பொருள் அன்றோ?

குடும்பத்தில் விழுந்த அடி

எண்களை விட்டு இல்லத்திற்குள் வருவோம். பிள்ளைகள் தம்மினும் நன்றாக வாழ வேண்டும் என்பது எல்லாப் பெற்றோரின் ஆசை. டெல்லியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றும் பொருளியல் அறிஞர் ராஜ் செட்டியும் அவருடைய தோழர்களும் இதனை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டனர். 1940இல் பிறந்த அமெரிக்கப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பேர், தம் பெற்றோரைவிட மிகுதியாகச் சம்பாதித்தனர். 1980களில் பிறந்தவரிலோ நூற்றுக்கு 50 பேரே அந்நிலையை எய்தினர். இதற்குப் பெரிதும் காரணம், நாட்டின் வளர்ச்சி மந்தமானது அன்று. வளர்ச்சியின் பயன் சிலரிடமே சென்று சேர்ந்தது என்பதுதான் அவர்கள் கண்ட முடிவு.

ஆன் கேஸ், ஆங்கஸ் டீட்டன் என்னும் அறிஞர் தம்பதியர் 2015இல் வெளியிட்ட ஆராய்ச்சி அதனினும் நெஞ்சை உருக்குவது. 1990களின் பிற்பகுதியிலிருந்து, நடுவயது வெள்ளையரிடையே, சிறப்பாகக் கல்லூரிக் கல்வி பெறாதோரிடையே, இறப்பு பெருகிவந்ததை அவர்கள் கண்டனர். பெருங்காரணங்கள் மூன்று: தற்கொலை, போதைப்பொருள், குடியால் வரும் ஈரல் நோய். 2014க்குப் பின் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அந்நாட்டு மக்களின் சராசரி ஆயுள் குறைந்தது. ஆலை மூடியபோது கூலி மட்டும் போகவில்லை, அதனோடு மருத்துவக் காப்பீடு போயிற்று, சங்கம் போயிற்று, திருமணங்கள் குலைந்தன, ஆலயத்திற்குச் செல்லும் பழக்கமும் தேய்ந்தது. மனிதன் அப்பத்தினால் மட்டும் வாழ்வதில்லை என்பதை நாம் அறிவோம். ஆனால் உழைத்து உண்ணும் அப்பம் பறிபோகும்போது, அதனோடு சேர்ந்து எத்தனை பறிபோகின்றன என்பதையும் அறிதல் வேண்டும்.

திருச்சபையின் குரல்

திசை திரும்பிய அதே 1981ஆம் ஆண்டு செப்டம்பரில், திருத்தந்தை 2ஆம் அருள் சின்னப்பர் உழைப்பைப் பற்றிச் சுற்றுமடல் ஒன்று வெளியிட்டார். இளமையில் கல் உடைக்கும் குழியிலும் இரசாயன ஆலையிலும் வேலை செய்தவர் அவர். முதலைவிட உழைப்பே முந்தியது. பொருளுக்காக மனிதன் அன்று, மனிதனுக்காகவே பொருள் என்பது அம்மடலின் உயிர்நாடி. 1986 நவம்பரில் அமெரிக்க ஆயர்கள் பொருளாதார நீதி குறித்து மேய்ப்புப்பணி மடல் ஒன்றை ஏற்றனர். எந்தத் திட்டமாயினும் அதனால் ஏழைக்கு என்ன நேர்கிறது என்று பார்த்தே அதை எடைபோட வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தினர். மடலை எதிர்த்துச் செல்வம் படைத்த கத்தோலிக்கர் சிலர் குரல் எழுப்பியதும் உண்டு.

2025 மே 8ஆம் நாள், அந்த அமெரிக்க மண்ணிலேயே, சிக்காகோ நகரில் பிறந்த ஒருவர் திருத்தந்தையாகத் தெரிவு செய்யப்பட்டார். அவர் தெரிந்துகொண்ட பெயர் 14ஆம் லியோ. நம் முன்னோர் சிங்கராயர் என்று வழங்கிய அதே பெயர். இரண்டு நாட்கள் கழித்துக் கர்தினால்களிடம் அதன் காரணத்தைக் கூறினார். முதல் தொழிற்புரட்சியின் காலத்தில் சமூகச் சிக்கலைக் குறித்துப் பேசிய 13ஆம் லியோவை நினைந்தே அப்பெயரை ஏற்றதாகவும், செயற்கை நுண்ணறிவு கொண்டுவரும் புதிய புரட்சியில் உழைப்பின் மாண்பைக் காக்கும் கடமை திருச்சபைக்கு உண்டு என்றும் சொன்னார். 134 ஆண்டுகளுக்குப் பின்னும் அதே கேள்வி உயிரோடு இருக்கிறது.

நாம் கொள்ளத்தக்க படிப்பினை

ஏற்றத்தாழ்வு முழுவதும் தீது என்று சொல்வாரில்லை. அறிவும் முயற்சியும் உடையவன் சற்று மிகுதியாகப் பெறுவதை யாரும் வெறுக்கமாட்டார். ஒருவனுடைய திறமை மற்றவனுடையதைப்போல் இரு மடங்கு இருக்கலாம். ஐந்து மடங்கும் இருக்கலாம். 1965இல் 20 மடங்கு பெற்றவரின் பின்வந்தோர் 250 மடங்கு பெறும் அளவிற்கு மனிதமூளை இடைக்காலத்தில் வளர்ந்துவிட்டதா? இல்லை. வளர்ந்தது ஒருவரின் வலிமை. தேய்ந்தது மற்றவரின் குரல்.

அமெரிக்காவின் ஒரு நூற்றாண்டுக் கதை நமக்கு இரண்டு செய்திகளைத் தருகிறது. ஒன்று, வளர்ச்சியின் பயன் மேலிருந்து கீழே தானே வடிந்து வரும் என்று காத்திருப்பது வீண். அது வந்த காலங்களில், சட்டமும் சங்கமும் மனச்சான்றும் சேர்ந்து அதைக் கொண்டுவந்தன. மற்றொன்று, மனிதர் செய்த ஏற்பாட்டை மனிதரே திருத்த முடியும். 1928இல் நான்கில் ஒரு பங்காக இருந்த உச்சியின் வருமானம், 1970களில் பத்தில் ஒரு பங்கு அளவிற்கு இறங்கியதே! அது கனவன்று, நடந்த வரலாறு.

இலாசர் கிடந்தது செல்வனுடைய வாசலில். அச்செல்வன் அவனை அடித்ததாகவோ விரட்டியதாகவோ நற்செய்தி கூறவில்லை. நாள்தோறும் அவனைக் கடந்து சென்றும் அவனைக் காணாமல் இருந்ததே குற்றமாயிற்று. நாடு ஆள்வோர்க்கும் பெருநிறுவனம் நடத்துவோர்க்கும் மட்டும் உரிய பாடம் அன்று இது. வீட்டில் பாத்திரம் துலக்குபவருக்கும், தோட்டத்தில் களை எடுப்பவருக்கும் நாம் கொடுக்கும் கூலி எதைக் கொண்டு முடிவாகிறது? அவர்கள் குடும்பத்திற்கு எவ்வளவு வேண்டும் என்பதைக் கொண்டா, அல்லது எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் அவர்கள் மறுக்கமாட்டார்கள் என்பதைக் கொண்டா? அருட்தந்தை ரையன் தொகையிட்டுப் பார்த்த அந்தக் கணக்கை, இந்த மாதம் சம்பளம் கொடுக்கும் நாளில் நம் வீட்டு மேசையிலும் ஒருமுறை போட்டுப் பார்ப்போமாக.